உடலே அளவுகோல்

கோயம்புத்தூர் வட்டாரத்து ஊர்களில் சிலம்பம் கற்பிக்கும் களங்கள் இன்றும் உள்ளன. அங்குப் புதிதாக வரும் மாணவரை ஆசான் வெறுங்காலுடன் நேராக நிற்கச் செய்து, கம்பை அவரருகே நட்டமாக நிறுத்திப் பார்ப்பார். கம்பின் மேல்முனை புருவத்தையோ நெற்றியையோ தொட்டால், அது அவருக்குரிய கம்பு. அளவுநாடா வேண்டாத இம்முறையில் கற்பவரின் உடலே அளவுகோலாகிறது. 160 செ.மீ. உயரமுள்ள மாணவிக்கு ஏறத்தாழ 150 செ.மீ. நீளமுள்ள கம்பு பொருந்தும்.

சற்று நீண்ட கம்பால் என்ன கேடு விளையும்? அதே மாணவியிடம் 165 செ.மீ. கம்பைக் கொடுப்பதாகக் கொள்வோம். நீளம் 10 விழுக்காடு கூடியுள்ளது. பருமன் மாறாததால் எடையும் 10 விழுக்காடே கூடும். ஆனால், நடுவில் பிடித்துச் சுழற்றும்போது கம்பு காட்டும் எதிர்ப்பு ஏறத்தாழ 33 விழுக்காடு மிகுந்துவிடும். ஒரே பருமனுள்ள தண்டின் நிலைமத் திருப்புத்திறன் அதன் நீளத்தின் மும்மடிக்கேற்ப உயர்வதே இதற்குக் காரணம். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் வேறுபாட்டை மணிக்கட்டு பெரிதாக உணர்கிறது. கம்பு மிகவும் குட்டையானாலோ, எதிராளியை எட்டுவதும் அவர் வீச்சைத் தடுப்பதும் அரிதாகும்.

உயரம் மட்டுமன்றிக் கையின் அளவும் கருதத்தக்கது. விரல்கள் சுற்றிப் பிடிக்க இயலாத பருத்த கம்பு விரைவில் கையைச் சோர்வடையச் செய்யும். ஆகவே, தொடக்க நிலையினருக்கு மெல்லிய கம்பே ஏற்றது. முற்றிய மூங்கிலை வெட்டி, நிழலில் உலர்த்தி, தணலில் வாட்டி வளைவு நீக்கி, வெடிக்காதிருக்க எண்ணெய் பூசிப் பதப்படுத்துவர்.

பனிநாடுகளும் இவ்வுண்மையை அறிந்துள்ளன. சமவெளிப் பனிச்சறுக்கு வீரர்கள் இரு கைகளிலும் கோல் ஊன்றி விரைகின்றனர். பனியில்லாக் காலத்தில் சக்கரம் பூட்டிய சறுக்குக்கட்டைகளில் சாலையில் பயிற்சி செய்கின்றனர். அவ்விளையாட்டின் மரபுநடைப் போட்டியில், கோலின் நீளம் காலணியுடன் அளந்த வீரரின் உயரத்தில் 83 விழுக்காட்டுக்கு மிகலாகாது என்பது பன்னாட்டு விதி. காலணியுடன் 160 செ.மீ. உயரமுள்ளவர் ஏறத்தாழ 133 செ.மீ. வரையிலான கோலையே பயன்படுத்தலாம். நெற்றியை எட்டும் கம்பும் தோளருகே நிற்கும் கோலும் நீளத்தால் வேறுபட்டாலும், அளக்கும் நெறி ஒன்றே.

2024 சனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் நகரங்களில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இன்று மாணவியர் பலரும் ஆர்வத்துடன் இக்கலையைப் பயில்கின்றனர். ஒரே அளவில் வாங்கிய கம்புக் கட்டிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துச் சுழற்றும்போது அது சிலருக்குக் கைநழுவும். ‘எனக்கு இக்கலை வாராது’ என்று அவர்கள் ஒதுங்கிவிடுவதும் உண்டு. பிழை அவர்களிடம் இருக்க வேண்டுமென்பதில்லை. கம்பின் நீளத்திலும் இருக்கலாம். ஆதலின், திறமையை ஐயுறுமுன் கம்பை ஒருமுறை நெற்றியோடு நிறுத்திப் பார்ப்போம்.