நாட்டு நாய்க்குட்டி: பயிற்சியும் பராமரிப்பும்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கும் தமிழகத்தின் பெயர்பெற்ற நாட்டு நாயினங்கள். வேட்டைக்கும் காவலுக்குமாகத் தென் மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. இந்திய அஞ்சல் துறை 2005-இல் வெளியிட்ட நாயினத் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. இந்த நாய்கள் நம் வெயிலைத் தாங்கும்; குட்டை முடி என்பதால் சடை பிடிக்காது. அதனாலேயே இவற்றுக்குப் பயிற்சியும் பராமரிப்பும் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வேகமும் துணிச்சலும் மிகுந்த நாய்க்குத்தான் பயிற்சி அதிகம் வேண்டும். பயிற்சி, பராமரிப்பு இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: வளர்ப்பவரின் கையை நாய் நம்ப வேண்டும்.

முதல் மாதங்கள்

குட்டியை எட்டு வாரம் நிறையும் முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம் என்பதைத் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான் அது கற்கிறது. பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை குட்டியின் மனம் புதியவற்றை எளிதில் ஏற்கும். குழந்தைகள், முதியவர்கள், குடை, மிக்சி ஓசை, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் இந்தக் காலத்தில் அச்சமின்றிப் பார்த்துப் பழகிய குட்டி, வளர்ந்த பிறகு மிரண்டு கடிப்பது குறைவு.

தடுப்பூசிகள் போடும் காலமும் இதுவே. பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடரும். மூன்று மாதம் நிறைந்ததும் ரேபிஸ் தடுப்பூசி. பிறகு மருத்துவர் சொல்லும் காலத்தில் மறு ஊசி. குடற்புழு மருந்தையும் தவறாமல் கொடுக்க வேண்டும். ஊசிகள் முடியும் வரை, பிற நாய்கள் நடமாடும் தெருவில் குட்டியை இறக்கிவிடாமல் கையில் தூக்கிச் சென்று வேடிக்கை காட்டுவது பாதுகாப்பானது.

இடமறிந்து சிறுநீர் கழிக்கப் பழக்குவது முதல் பாடம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே கழித்த உடனே பாராட்டு. வீட்டுக்குள் கழித்துவிட்டால் பேசாமல் துடைத்துவிடுவதே சரி. மூக்கைத் தரையில் தேய்ப்பதால் குட்டி கற்பது ஒன்றுதான்: ஆள் பார்க்காத மூலையில் போய்க் கழிப்பது.

ஐந்து சொற்கள்

உட்கார், படு, இரு, வா, விடு. இந்த ஐந்து சொற்களுக்குக் கீழ்ப்படியும் நாயோடு வீட்டில் நிம்மதியாக வாழலாம். தந்தை ‘உட்கார்’ என்றும் மகள் ‘சிட்’ என்றும் சொன்னால் குட்டி குழம்பும். ஒரு செயலுக்கு ஒரே சொல் என வீட்டார் அனைவரும் முடிவு செய்துகொள்ள வேண்டும். சொல்லை ஒருமுறைதான் சொல்ல வேண்டும். செய்த ஓரிரு நொடிக்குள் பரிசு கிடைக்க வேண்டும். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியாது. வேகவைத்த கோழி இறைச்சி, முட்டை, கேரட் ஆகியவற்றைப் பட்டாணி அளவில் நறுக்கிக் கொடுத்தால் போதும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை என்பது குட்டிக்கு ஏற்ற அளவு.

‘உட்கார்’ கற்பிக்க, தின்பண்டத்தை மூக்கருகே காட்டி, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்த வேண்டும். தலை நிமிர, பின்புறம் தானாகத் தரையில் அமரும். ஒல்லியான உடலும் நீண்ட கால்களும் கொண்ட சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் வழுக்கும் தரை வசதிப்படாது. சாக்கு விரித்துப் பழக்கலாம். அமர்ந்த நாயின் மூக்கிலிருந்து தின்பண்டத்தைத் தரைக்கு இறக்கினால் ‘படு’. ‘இரு’ என்பதை ஒரு நொடியில் தொடங்கி, முதலில் நேரத்தையும் பிறகு தூரத்தையும் கூட்ட வேண்டும். ‘விடு’ என்பதைப் பண்டமாற்றாகக் கற்பிக்க வேண்டும். வாயில் கவ்விய செருப்பைப் பிடுங்கினால் அடுத்த முறை நாய் அதை எடுத்துக்கொண்டு ஓடும். அதைவிடச் சுவையான ஒன்றைக் கொடுத்தால் தானே விட்டுவிடும்.

‘வா’ என்பதே உயிர் காக்கும் சொல். நாட்டு வேட்டை நாய்களுக்குக் கற்பிப்பதில் கடினமானதும் அதுவே. ஓடும் அணிலையோ ஆட்டையோ கண்டதும் துரத்துவது அவற்றின் இரத்தத்தில் உள்ளது. முதலில் வீட்டுக்குள்ளும், பிறகு முற்றத்திலும், அதன்பின் நீளக் கயிறு கட்டித் திறந்த வெளியிலுமாகப் படிப்படியாகப் பழக்க வேண்டும். வந்த நாயை எக்காரணம் கொண்டும் திட்டக் கூடாது. திட்டுவதற்கு அழைத்தால் அடுத்த முறை அது வராது. சாலையோரத்தில் எவ்வளவு பழகிய நாயையும் கயிறின்றி விடலாகாது. நடக்கும்போது நாய் இழுத்தால் அசையாமல் நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்த பிறகே அடுத்த அடி. இழுத்தால் பயனில்லை என்பது நாளடைவில் அதற்குப் புரிந்துவிடும்.

வெள்ளை நிற ராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. எனவே ஒவ்வொரு சொல்லோடும் ஒரு கைச்சைகையைத் தொடக்கம் முதலே சேர்த்துப் பழக்குவது நல்லது. செவிட்டு நாயும் சைகையால் எல்லாப் பாடத்தையும் கற்கும்.

அடித்துப் பழக்குவது விரைவான வழிபோலத் தோன்றலாம். போர்ச்சுக்கலின் போர்ட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், தண்டித்துப் பயிற்றப்பட்ட நாய்களிடம், பரிசளித்துப் பயிற்றப்பட்டவற்றைவிட மன அழுத்த அறிகுறிகள் கூடுதலாகக் காணப்பட்டன. அடிக்கும் கையைக் கண்டு அஞ்சும் நாய், மருந்து போட வரும் கையையும் கடிக்கும்.

உடல் பராமரிப்பு

குட்டிப் பருவத்திலேயே நாள்தோறும் காது, பாதம், வாய், வால் ஆகியவற்றைத் தொட்டு, ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு துண்டு தின்பண்டம் தர வேண்டும். இதுவும் பயிற்சிதான். நகவெட்டியைக் கண்டு ஓடாத, மருத்துவர் மேசையில் நடுங்காத நாய் இப்படித்தான் உருவாகிறது.

குட்டை முடி நாய்க்கு வாரம் ஓரிரு முறை ரப்பர் சீப்பால் துலக்கினால் உதிர்ந்த முடி நீங்கித் தோல் பளபளக்கும். குளியல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. ஆகவே நம் சோப்பும் ஷாம்பும் அதன் தோலை வறளச் செய்யும். நாய்க்கான ஷாம்பே ஏற்றது. காதுக்குள் நீர் புகாமல் குளிப்பாட்டி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைக்க வேண்டும்.

நம் ஊர்களில் நாய்களுக்கு உண்ணி பெரும் பகை. அது பரப்பும் எர்லிக்கியா, பெபீசியா நோய்களால் காய்ச்சலும் சோகையும் வந்து நாய் இறக்கவும் நேரும். காது மடல், கழுத்து, விரலிடுக்கு, அக்குள் ஆகிய இடங்களை நாள்தோறும் பார்க்க வேண்டும். உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். விரலால் நசுக்குவதும் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் கூடாது. இரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் படுக்கைக்கு அடியிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே நாய்க்கு மருத்துவர் தரும் மருந்தோடு, அது படுக்கும் இடத்தையும் சுத்தப்படுத்தினால்தான் உண்ணி ஒழியும்.

தரையில் நடக்கும்போது நகம் ‘டக் டக்’ என ஒலித்தால் வெட்டும் காலம் வந்துவிட்டது. வெளிர் நகத்தில் இளஞ்சிவப்பு இரத்தநாளம் தெரியும். அதற்கு முன்பே வெட்டுவதை நிறுத்த வேண்டும். கறுப்பு நகத்தைச் சிறிது சிறிதாகவே வெட்ட வேண்டும். காதின் வெளிப்புறத்தைப் பஞ்சால் துடைக்கலாம். பட்ஸ் குச்சியை உள்ளே விடக் கூடாது. துர்நாற்றம், சீழ், ஓயாத தலையாட்டல் ஆகியவை காது நோயின் அறிகுறிகள். பல் துலக்க நாய்க்கான பற்பசையே வேண்டும். மனிதப் பற்பசையை நாய் துப்பாது, விழுங்கிவிடும்.

கோடையில் அதிகாலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் மட்டுமே நடை. தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து நொடி வைத்திருக்க முடியாவிட்டால், அது நாயின் பாதத்தையும் சுடும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதே அதன் முதன்மையான குளிர்விக்கும் வழி என்பதால், நிழலும் நீரும் எந்நேரமும் கிடைக்க வேண்டும்.

இவை அனைத்துக்கும் சேர்த்து நாளொன்றுக்கு அரை மணி நேரமும், அதற்கு மேல் நடைக்கும் ஓட்டத்துக்கும் நேரமும் தேவை. பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடிய உயிர் அது. இந்த நேரத்தைத் தினமும் ஒதுக்க முடியும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே குட்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஓடப் பிறந்த நாயை நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப்போடுவது வளர்ப்பு ஆகாது.