மண்ணை இழந்தும் மறையாத குதிரை இனம்

2024-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள், வெர்சாய் அரண்மனை வளாகத்தில் நடந்தன. சவாரி செய்பவரின் சிறு சைகைக்குக் கட்டுப்பட்டுக் குதிரை நடனம்போல் அடியெடுத்து வைக்கும் 'டிரெசாஜ்' போட்டியில், 'டலேரா' என்ற 17 வயதுப் பெட்டைக் குதிரை தனிநபர் தங்கம், அணித் தங்கம் இரண்டையும் ஜெர்மனிக்கு வென்று தந்தது. ஏறியவர் ஜெசிகா வான் பிரெடோவ்-வெர்ண்டல் என்ற பெண்மணி. 2021-ல் டோக்கியோவிலும் இதே ஜோடிதான் இந்த இரண்டு தங்கங்களையும் பெற்றது.

டலேரா 'டிராகேனர்' இனத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் பூண்டோடு அழிய இருந்த இனம் அது!

'வார்ம்பிளட்' என்றால்?

இந்த வகைக் குதிரைகளை 'வார்ம்பிளட்' என்பார்கள். ரத்தத்தின் சூட்டுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. குணத்தை வைத்து வந்த பெயர் இது. பாரம் இழுக்கும் கனத்த, சாந்தமான குதிரை 'கோல்ட்பிளட்'. அரபுக் குதிரையும் நம் ஊர்ப் பந்தய மைதானங்களில் ஓடும் 'தரோபிரெட்' குதிரையும் 'ஹாட்பிளட்'. அவை வேகமும் துடிப்பும் மிக்கவை. இரண்டுக்கும் நடுவே நிற்பது வார்ம்பிளட். ஓட்டம், தாண்டல், நடை மூன்றுக்கும் ஏற்றது.

மன்னர் அமைத்த பண்ணை

பிரஷ்ய மன்னர் முதலாம் பிரெடரிக் வில்லியம், தம் ராணுவத்துக்கு நல்ல குதிரைகள் வேண்டும் என்று 1732-ம் ஆண்டில் கிழக்குப் பிரஷ்யாவில் உள்ள டிராகேனன் என்ற இடத்தில் பெரிய பண்ணை அமைத்தார். சதுப்பு நிலத்தை வடித்துப் புல்வெளியாக்கினார்கள். அந்த வட்டாரத்து உழைப்பாளிக் குதிரையுடன் அரபு, தரோபிரெட் ரத்தத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தார்கள். பண்ணையின் முத்திரை, 'எல்க்' என்ற பெரிய மானின் கொம்பு.

பண்ணையோடு இது நிற்கவில்லை. சுற்று வட்டார விவசாயிகள் ஆயிரக்கணக்கானோர் இதே குதிரையை வளர்த்தார்கள். வாரத்தில் ஏர் உழும். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் பூட்டினால் குடும்பத்தைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போகும். நல்ல குட்டியை ராணுவம் விலைக்கு வாங்கும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் டிரெசாஜ் தங்கம் பெற்ற 'குரோனோஸ்', மூன்று வகைச் சோதனைகள் கொண்ட போட்டியில் தங்கம் பெற்ற 'நுர்மி' இரண்டுமே இந்த இனம்தான்.

உறைந்த நீர் மேல் ஓட்டம்

இரண்டாம் உலகப் போரின் முடிவில் சோவியத் படை கிழக்குப் பிரஷ்யாவை நெருங்கியது. 1944 அக்டோபரில் டிராகேனன் பண்ணை காலி செய்யப்பட்டது. ஆனால் கிராமத்து மக்கள் ஊரைவிட்டுக் கிளம்ப நாஜி அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. 1945 ஜனவரியில் கிளம்பியபோது நேரம் கடந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் சோவியத் படை கடற்கரையை எட்டித் தரைவழியை அறுத்துவிட்டது.

மிஞ்சியது ஒரே வழி: உறைந்து கிடந்த விஸ்துலா காயல். பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும் வண்டிகளில் ஏறினார்கள். ஆண்கள் பலர் போர்முனையில் இருந்தனர். வண்டிகளை இழுத்தவை பெரும்பாலும் வயிற்றில் குட்டியோடு இருந்த பெட்டைகள். பனிக்கட்டி பொறுக்கும்படி வண்டிகள் இடைவெளி விட்டு நகர்ந்தன. வானிலிருந்து குண்டு விழுந்தது. பிளந்த இடங்களில் வண்டியும் மனிதரும் குதிரையும் முழுகினர்.

தப்பியவர்கள் ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் மேற்கு நோக்கி நடந்தனர். சரியான தீனி இல்லை, லாயம் இல்லை. போருக்கு முன் இருபதாயிரத்துக்கும் மேல் இருந்த இனப்பெருக்கப் பெட்டைகளில், மேற்கு ஜெர்மனி வந்து சேர்ந்தவை சில நூறுதான்.

சொந்த நிலம் போன விவசாயிகள், பிறர் பண்ணைகளில் வேலை பார்த்துக்கொண்டே அந்தப் பெட்டைகளைக் காப்பாற்றினார்கள். 1947-ல் சங்கம் அமைத்து, மிஞ்சியவற்றைத் தேடிப் பதிவு செய்தார்கள்.

இன்றும் கறார் விதி

மற்ற ஜெர்மன் இனங்கள் வெளி இனத்து ரத்தத்தைத் தாராளமாக ஏற்கும். டிராகேனரில் தரோபிரெட், அரபு வழி ரத்தத்துக்கு மட்டுமே இடம். அதனால்தான் மெலிந்த தலை, நீண்ட கழுத்து, மிதப்பதுபோன்ற நடை, களைக்காத மூச்சு. கூர்மையான புத்தி உண்டு. முரட்டுக் கை மட்டும் ஆகாது. மற்ற இனங்களை மெருகேற்றவும் இதன் பொலிகுதிரைகளையே நாடுகிறார்கள். 2010 உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற 'டோட்டிலாஸ்' குதிரைக்குத் தந்தை ஒரு டிராகேனர்.

பழைய டிராகேனன் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட் மாகாணத்தில் 'யாஸ்னயா பொல்யானா' என்ற கிராமம். அந்தப் பண்ணை போய்விட்டது. ஆனால் அதன் பெயரும் மான்கொம்பும் இந்தக் குதிரைகளோடு உலகம் சுற்றுகின்றன.

இன்னொரு வழக்கமும் உண்டு. நமக்கு இனிஷியல் பெரும்பாலும் தந்தை வழி. டிராகேனர் குட்டிக்கோ, தாயின் பெயரில் முதல் எழுத்து எதுவோ, அதில்தான் பெயர் தொடங்க வேண்டும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அணித் தங்கமும் தனிநபர் வெள்ளியும் வென்ற 'அப்துல்லா'வின் தாய் 'அபிஸா'.

பனிக்கட்டியின் மேல் வண்டி இழுத்து வந்தவை தாய்க் குதிரைகள் அல்லவா? பொருத்தமான வழக்கம்தான்.