‘செட் ஆகும்’ என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய காருக்கு டயர் மாற்றும் நேரம் வந்தால், கூடவே அலாய் வீலும் போட்டுவிடலாமே என்ற ஆசை வரும். அதில் தவறில்லை. ஆனால் கடையில் அளவு பற்றிக் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “அதெல்லாம் செட் ஆகும் சார்.” வண்டியில் போகிற குடும்பத்தின் பாதுகாப்பை அந்த ஒரு வார்த்தையை நம்பி விட்டுவிடக் கூடாது. செட் ஆகுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம். விஎக்ஸ்ஐ வகைக்கு 165/80 ஆர்14 டயர்; உயர்ந்த வகையான இசட்எக்ஸ்ஐக்கு 185/65 ஆர்15. 165 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 264. அதோடு 14 அங்குல டிஸ்க்கின், அதாவது டயர் ஏறும் வீலின், விட்டம் 355.6 சேர்ந்தால் டயரின் மொத்த உயரம் சுமார் 620 மி.மீ. 185/65 ஆர்15-க்கு இதே கணக்கைப் போட்டால் 621.5 வரும். டிஸ்க் பெரிதானாலும் மொத்த உயரம் மாறவில்லை. விஎக்ஸ்ஐ வைத்திருப்பவர் 15 அங்குலத்துக்குப் போக விரும்பினால் நான் சொல்லும் அளவு இதுதான். கம்பெனியே அந்த மாடலுக்குக் கொடுத்தது.

கடையில் ஸ்டாக் இருப்பதோ 185/60 ஆர்15 என்று வையுங்கள். உயரம் 603. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 97-ல்தான் போகும். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே எட்டு மி.மீ. குறையும். நம்மூர் வேகத்தடைகளில் அது தெரியும். அதைவிட முக்கியம், அளவுக்குப் பக்கத்தில் உள்ள எடைக் குறியீடு. பழைய டயரில் 85 என்றிருந்தால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. பழைய எண்ணுக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள்.

இனி வீல். போல்ட் துளைகளின் வட்ட அளவைக் கடைகளில் பிசிடி என்பார்கள். ஸ்விஃப்டுக்கு நான்கு துளை, 100 மி.மீ. பழைய ஹோண்டா சிட்டிக்கும் அதேதான். அதனால் சிட்டியிலிருந்து கழற்றிய அலாய் ஸ்விஃப்டில் ஏறிவிடும். ஆனால் வீலின் நடுத்துளையில் நுழையும் ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ., சிட்டி வீலின் நடுத்துளை 56.1 மி.மீ. இந்த இரண்டு மி.மீ. இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போடாவிட்டால் வீல் நடுவில் சரியாக உட்காராது. பாலன்சிங் மெஷினில் எத்தனை முறை சரிசெய்தாலும் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் ஆடும். நட்டிலும் வித்தியாசம் உண்டு: சுசுகி ஸ்டட்டின் மறை இடைவெளி 1.25 மி.மீ., ஹோண்டாவுக்கு 1.5. ஹோண்டா நட்டை ஸ்விஃப்டில் ஸ்பேனர் போட்டு அழுத்தி ஏற்றினால் முறுகியதுபோலத் தோன்றும். உள்ளே மறை சிதைந்துகொண்டிருக்கும். நட் முதல் சில சுற்றுகள் விரலாலேயே ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆஃப்செட்டையும், அதாவது வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதையும் பாருங்கள், ‘ஈடி’ என்ற எழுத்துகளோடு வீலில் பொறித்திருப்பார்கள். 5 அங்குல அகலமும் ஈடி 45-ம் உள்ள வீலைக் கழற்றிவிட்டு 7 அங்குலம், ஈடி 35 போட்டால், விளிம்பு வெளியே 35 மி.மீ., உள்ளே 15 மி.மீ. நீளும். ஃபெண்டர் உரசும், பேரிங் சீக்கிரம் தேயும்.

பழைய அலாய் வாங்குவோர் டயர் ஏற்றும் முன் வெறும் வீலை மெஷினில் சுற்றவிட்டு, விளிம்பு ஆடுகிறதா என்று பாருங்கள். வளைந்த வீலைத் தட்டி, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து விற்பதுண்டு. உட்பக்கத்தை விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். தேய்ந்த டயரில் பட்டன் வெட்டிப் புதுசுபோல ஆக்கியிருந்தால் தொடவே வேண்டாம். டயரில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15633 என்ற எண்ணும் இருக்க வேண்டும். தயாரிப்புத் தேதி நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம்.

சட்டம் என்ன சொல்கிறது? பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கடைக்காரர் பொருத்தினாலும் இந்தப் பிரிவில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுத்த அளவுக்குள் நின்றால் உங்கள் பக்கம் நியாயம் பேச இடமிருக்கும். ஃபெண்டருக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் இல்லை.

அதனால்தான் பில். ‘பில் இல்லாமல் வாங்கினால் ஜிஎஸ்டி மிச்சம்’ என்பார்கள். மிச்சமாகும் பணத்தோடு உங்கள் உரிமையும் போய்விடும். காரின் மாடல், ஆண்டு, டயர் அளவு, எடைக் குறியீடு, பிசிடி, ஆஃப்செட், ‘இந்த வண்டிக்குப் பொருந்தும்’ என்ற வரி — இவ்வளவும் பில்லில் வர வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 86-வது பிரிவு இதற்குப் பலம் தருகிறது. உற்பத்தியாளர் தராத உத்தரவாதத்தை விற்பவர் தானாகத் தந்து, பொருள் அதன்படி இல்லாமல் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு விற்பவருக்கு. உற்பத்தியாளர் யாரென்றே தெரியாத வீலுக்கும், கவனமில்லாமல் பொருத்தியதற்கும் அப்படியே.

சிக்கல் வந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. உடைந்த வீலையும் வெடித்த டயரையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். குறையைக் கண்டறிய ஆணையம் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் வீல் மாற்றியதைத் தெரிவித்து, பாலிசியில் குறிப்புச் சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பின் கிளெய்மை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். சாதாரண பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் பணம் வராது. காரும் சேர்ந்து சேதமானால்தான் டயர் விலையில் பாதி. நியாயமில்லாத மறுப்பு என்று தோன்றினால், நிறுவனத்தின் பதில் வந்த ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

பழைய டிஸ்க்குகளை மட்டும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். 15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோகும்போது அவை தேவைப்படலாம்.