உங்களுக்குத் தெரியுமா? பெண்ணாடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பாலை நிலம்!

பாலை நிலம் பார்க்க ராஜஸ்தான் வரை போக வேண்டியதில்லை. பெண்ணாடத்தில் திருச்சி மார்க்கமாக ரயிலேறி, செந்துறை தாண்டி அரியலூரில் இறங்குங்கள். அங்கிருந்து மேற்கே, பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் காரை, குளக்கல்நத்தம் ஊர்கள். சாலையை விட்டு இறங்கினால் மரமில்லை, நிழலில்லை. வெடித்துப் பிளந்த செம்மண்ணும் களிமண்ணும் மேடும் ஓடையுமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடக்கின்றன.

இது மழை பொய்த்ததால் உண்டான பாலை அல்ல. செதுக்கியதே மழைதான். காரைக் களிமண்ணில் செடி வேர் பிடிப்பது அரிது. பிடித்து நிறுத்த வேரில்லாததால் ஒவ்வொரு மழையும் மண்ணை அரித்து ஓடை ஓடையாகக் கிழித்துவிடுகிறது. வெயிலில் ஆங்காங்கே மின்னுவது கண்ணாடிச் சில்லு அல்ல, ஜிப்சம்.

காலடியில் இருப்பது கடல் தரை! ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. சுருள் ஓடு கொண்ட அம்மோனைட், துப்பாக்கித் தோட்டா போன்ற பெலம்னைட், சுறாப்பல் எல்லாம் இந்த மண்ணில் கிடைத்திருக்கின்றன.

பெண்ணாடத்து ஈசனுக்குப் பிரளயகாலேஸ்வரர் என்று பெயர். ஊழி வெள்ளத்தைத் தடுக்கவே நந்தி வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது என்கிறது தலபுராணம். புராணம் வேறு, புவியியல் வேறுதான். ஆனாலும் கடல் வந்து போன நாட்டின் விளிம்பில் இப்படியொரு கதை வழங்குவது மனதைத் தொடுகிறது. புறப்படுமுன் தூங்கானை மாட வடிவிலான கருவறையைப் பார்த்துவிட்டே போங்கள். படுத்திருக்கும் யானையின் முதுகேதான்.

நம் சிற்றூர்கள் உலகப் புவியியல் நூல்களில் இருக்கின்றன. பாறை அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், காரை, சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என்றே பெயர். புவியியலாளர் பிளான்ஃபோர்டு இப்பகுதியின் பாறைகளை ஆராய்ந்து 1862-ல் எழுதினார். இங்கே திரட்டிய தொல்லுயிர் எச்சங்களை நான்கு பெருந்தொகுதிகளில் விவரித்தவர் மொராவியாவில் பிறந்த ஸ்டோலிச்கா. 1874-ல், 36 வயதில், யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்துபோனார்.

இதே பகுதியிலுள்ள சாத்தனூரில் ஒரு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. நீளம் சுமார் 18 மீட்டர், வயது சுமார் 12 கோடி ஆண்டு. 1940-ல் இதை வெளியுலகுக்குச் சொன்னவர் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன். இன்று இது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம்.

கல்லமேட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளைக் கொண்டு ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-ல் 'புருகத்காயோசாரஸ்' என்ற டைனோசருக்குப் பெயர் சூட்டினார்கள். அந்த எலும்புகள் நொறுங்கி அழிந்துவிட்டன. மிஞ்சியவை படமும் குறிப்பும்தான்.

திரும்பும்போது ஜெயங்கொண்டம் வழியாக வந்தால் கங்கைகொண்ட சோழபுரம். கோயிலோடு திரும்பிவிடுபவர்களே அதிகம். அருகிலுள்ள மாளிகைமேட்டுக்கு அவசியம் போங்கள். ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடம் அது. 1980 முதல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியதில் செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் வெளிப்பட்டன. சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகராயிருந்த ஊரில், அரண்மனை என்று கைகாட்ட இருப்பது இந்த அடித்தளம் மட்டுமே.

கோயிலின் மதில் எங்கே? ஒரு பகுதி கொள்ளிடத்தில்! 1836-ல் அணைக்கரையில் கீழணை கட்டியபோது, இந்தக் கோயிலின் மதிற்சுவரையும் இடிந்து கிடந்த பகுதிகளையும் பெயர்த்துக் கற்களைக் கொண்டுபோனார்கள். அணை பல ஊர்களின் வயலை நனைக்கிறது, மறுக்கவில்லை. அதற்கு ராஜேந்திரன் எழுப்பிய மதிலா பலியாக வேண்டும்?

கங்கை நீரைக் கொண்டுவந்து அவன் அமைத்த சோழகங்கம் இன்றைய பொன்னேரி. வெற்றித்தூணைக் கல்லில் நடாமல் தண்ணீரில் நிறுத்திய அரசன் அவன்!

ஆக இரண்டு நாள் போதும். காரைக்கு விடியற்காலையில் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். தண்ணீர், தொப்பி, நல்ல ஷூ கட்டாயம். மழை பெய்த மறுநாள் வேண்டாம், களிமண் காலை விடாது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அம்மோனைட்டோ செங்கல் துண்டோ கண்ணில் பட்டால் படமெடுங்கள், பையில் போடாதீர்கள். தொல்லுயிர் எச்சங்களை நிதானமாகப் பார்க்க ஆசையிருந்தால் அரியலூர் அருகே வாரணவாசியில் அவற்றுக்கென்றே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் வாருங்கள்.