சொல்லும் உருவும்: புலிமான்கோம்பைக் கல்லும் ஆதிச்சநல்லூர் மட்கலமும்

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006ஆம் ஆண்டில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் பட்ட தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்த கல்லாகும். கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூர் என்னும் ஊர் இன்றும் உளது. எனினும் பெயரொற்றுமை ஒன்றே கொண்டு அதுவே இதுவெனத் துணிதல் பொருந்தாது. தொல்காப்பியர் வெட்சித்திணைக்கண் கூறும் ஆகோள், இக்கல்லில் நடந்த நிகழ்ச்சி ஒன்றின் பெயராகவே நிற்கின்றது. ஆயின் ஆவின் உருவமோ வீரன் உருவமோ அதன்கண் இல்லை. ஊர்ப்பெயரில் புலியும் மானும் இருக்க, கல்லில் விலங்கு ஒன்றும் இல்லாமை வியப்பே.

இதற்கு நேர்மாறானது ஆதிச்சநல்லூர்ச் சான்று. 2004-2005ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையினர் அவ்விடுகாட்டை அகழ்ந்தபோது மட்கல ஓடு ஒன்று கிடைத்தது. பெண், நெற்கதிர், கொக்கு, மான், முதலை ஆகிய உருவங்கள் அதில் உள்ளன. இவை தீட்டியவை அல்ல. ஈரக்களிமண்ணை உருவாக்கிக் கலத்தின்மேல் ஒட்டிச் சுட்டவை. சொல் ஒன்றும் இல்லை.

இவ்வோட்டைக் கண்டவுடன் தமிழ் மாணவர்க்குத் திணைக் கருப்பொருள் நினைவுக்கு வரும். கொக்கும் நெல்லும் மருதம், மான் முல்லையோ குறிஞ்சியோ, ஆகவே திணைமயக்கம் என்று கூறிவிடலாம். இஃது எளிய வழி. ஆனால் ஏற்புடைய வழியன்று. புலவர் வகுத்த முறையைக் குயவரும் கைக்கொண்டார் என்பதற்குச் சான்று முதற்கண் வேண்டும்.

எழுத்தில்லாக் கலங்களின் பொருளை உணரும் முறைக்குப் பெரு நாட்டு மோச்சே மக்களின் மட்கலங்கள் தக்க சான்று. வடகடற்கரையில் ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை வாழ்ந்த அவர்கள், நரி, ஆந்தை, கடற்சிங்கம், நண்டு முதலிய உருவங்களை அச்சில் வார்த்தும் கோட்டால் தீட்டியும் அமைத்தனர். கழுத்தில் கயிறிட்ட சிறைவீரனைப் போன்றே, கட்டுண்டு அமர்ந்த மானையும் வனைந்தனர். மான் வேட்டையும் போரும் அவர்களால் ஒருங்கு வைத்து எண்ணப்பட்டன என்பதை ஒரு கலம் உணர்த்தவில்லை. ஒரே காட்சி பல கலங்களில் மீண்டும் மீண்டும் வருதல் உணர்த்திற்று. 1987இல் சிப்பான் என்னுமிடத்துக் கல்லறை வெளிப்பட்டபோது, பலிச்சடங்கு ஓவியத்தில் தலைமை தாங்கிய உருவத்தின் அணிகலன்களை ஒத்தவை அங்குப் புதைக்கப்பட்டவன் உடலோடு கிடைத்தன. அக்காட்சி வெறுங்கற்பனை அன்றென அதனால் தெளிந்தது.

நம் நாட்டில் உருவும் சொல்லும் ஒன்றுகூடும் இடம் பிற்காலத்து நடுகல்லே. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல்லில், எருமைகளின் பொருட்டுப் பட்ட கருந்தேவகத்தியின் அருகே நாய் ஒன்று நிற்கின்றது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்ததென்றும் எழுத்தே கூறும். எழுத்து அழிந்திருப்பின் அந்நாயை யமனின் ஏவலென விளக்குவாரும் தோன்றியிருப்பர்!

ஆதிச்சநல்லூர் ஓடோ தனித்தது. வைகைக்கரையிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் உழவிற் சிதையும் தாழிகளுள் அத்தகைய ஒட்டுருவம் ஒன்று வெளிப்படுமாயின், அது கிடந்த ஆழமும் உடன்கிடந்த பொருள்களும் முதலிற் குறிக்கப்படல் வேண்டும். கொக்கும் முதலையும் மீண்டும் ஒருங்கே வந்தனவா என்பதே அடுத்துக் கேட்கத்தக்க வினா.