சுரங்கத்தில் பிறந்த சங்கம்

ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து காட்டார்டு ரயில் சுரங்கம் வெட்டியபோது, வாட்டசாட்டமான தொழிலாளர்கள் வெளுத்துச் சோர்ந்து விழுந்தார்கள். என்ன வியாதி? குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு! 1880-ல் குட்டு வெளிப்பட்டது. உள்ளே ஒழுங்கான கழிப்பிடம் கிடையாது. அசுத்தமான சேற்றிலேதான் நாள் முழுதும் வேலை.

அடுத்து வெட்டிய சிம்ப்ளான் சுரங்கம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இந்தத் தடவை நல்ல காற்று, குளிக்க வசதி எல்லாம் உண்டு. பட்டால்தானே புத்தி வருகிறது! 1906-ல் அதைக் கொண்டாட மிலான் நகரில் பெரிய பொருட்காட்சி. அங்கே கூடிய பல நாட்டு டாக்டர்கள், தொழில் நோய்களை ஆராய ஒரு சர்வதேசக் கமிஷனை அமைத்தார்கள். இன்றும் அது நடக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒரு மகாநாடு.

ஆலை டாக்டருக்குச் சம்பளம் தருவது முதலாளி. அவர் நாடி பிடிப்பதோ தொழிலாளியின் கையை. யார் பக்கம் நிற்பது? கமிஷன் 1992-ல் வெளியிட்ட நெறிமுறை பதில் சொல்கிறது: வேலைக்குத் தகுதி உண்டா என்று மட்டும் முதலாளியிடம் சொல்லலாம், நோயின் விவரத்தைச் சொல்லக் கூடாது. ஆள்பலம் இல்லாத சின்ன நாட்டுச் சங்கமும் இதை நீட்டி வாதாடலாம். இத்தாலியோ 2008-ல், ஆலை டாக்டர்கள் இந்த நெறிமுறைப்படியே நடக்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது.