சினைப் பசுவுக்கு அகத்திக்கீரை தரலாமா?



வெள்ளிக்கிழமைதோறும் நம் ஆலயக் கோசாலைக்கு அகத்திக்கீரைக் கட்டோடு வரும் அன்பர்கள் பலர். பசுவுக்கு அகத்தி அளிப்பது புண்ணியம் என்று முன்னோர் சொன்னதை நான் மறுக்க வரவில்லை. கன்று ஈனுவதற்கு முந்திய மூன்று வாரம் மட்டும் அந்தக் கட்டைச் சினைப் பசுவிடம் நீட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். அண்மையில் ஓர் அம்மையாரிடம் இதைச் சொன்னபோது அவர் மனம் வருந்தினார். எனவே காரணத்தை விளக்குவது என் கடமையாயிற்று.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா பால்மரம் சீவிவிட்டு வந்து, லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த இரண்டு மாடுகளைக் கவனிப்பார். அவற்றில் ஒன்று, நான்காவது கன்று ஈன்ற மறுநாள் எழுந்திருக்கவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருந்தது, காது சில்லிட்டிருந்தது. சினைமாடு ஆயிற்றே என்று அம்மா கடைசி மாதம் முழுவதும் வேலியோரத்து அகத்தியை ஒடித்துப் போட்ட மாடு. கண்பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். மாலைக்குள் இறந்துவிட்டது.

அது பால் சுரம் என்பது, நான் ஆசிரியராகிப் பல ஆண்டுகள் கழித்து ஒரு கால்நடை மருத்துவர் விளக்கியபோதுதான் புரிந்தது. பெயர்தான் சுரம், உடம்பு குளிர்ந்துபோகும். பசுவின் இரத்தத்தில் ஓடும் சுண்ணாம்புச் சத்து மொத்தம் ஏறக்குறைய 3 கிராம்தான். 10 லிட்டர் சீம்பாலிலோ 20 கிராமுக்கு மேல் வெளியேறிவிடும். அந்தக் குறையை எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்ய வேண்டும். ஈனுமுன் அகத்தியிலிருந்து அந்தச் சத்து தாராளமாகக் கிடைத்துக்கொண்டிருந்தால், எலும்பிலிருந்து எடுக்கும் வேலை உறங்கிக் கிடக்கும். தேவைப்படும் நாளில் சட்டென்று விழிக்காது. பல ஈற்றுக் கண்ட பசுக்களுக்கே இந்த ஆபத்து அதிகம். எங்கள் மாட்டுக்கு அகத்தி ஒன்றே காரணம் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் மருத்துவர் வந்து கால்சியம் மருந்தை நரம்பில் மெல்ல ஏற்றியிருந்தால் அது பிழைத்திருக்கக் கூடும்.

நம் ஈப்போ வெயில் வேறு சேர்ந்துகொள்கிறது. புல் செரிக்கும்போதே வயிற்றில் சூடு பிறப்பதால், வெயில் நேரத்தில் பசு தானாகவே தீனியைக் குறைத்துக்கொள்ளும். ஈனும் நாள் நெருங்கினால் இன்னும் குறையும். ஆகவே விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும்தான் நேப்பியர் புல்லை நறுக்கிப் போடுகிறோம். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்துவிட்ட இக்காலத்தில், அதன் பிண்ணாக்குத்தான் நமக்குக் கைகொடுக்கிறது. அதையும் அரைக் கிலோவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம். பொங்கல், சோறு, வாழைப்பழம் ஆகியவற்றை அள்ளிக் கொடுத்தால் வயிற்றில் புளித்துப் பசு படுத்துவிடும். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஈன்று பால் கறக்கத் தொடங்கிய பசுவுக்கு அதே அகத்தி மிகவும் வேண்டியது. அப்போது தாராளமாகக் கொண்டு வாருங்கள். ஈனும் நிலையில் உள்ள பசுவின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டியிருப்போம். அதன் தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பினால் போதும். வெயில் நாளில் ஒரு பசு 80 லிட்டர்கூடக் குடிக்கும். வாளி குழாயடியிலேயே இருக்கிறது.